முதலில் தொகை, அப்புறம்தான் தேதி

கல்யாணச் செலவைக் குறைக்க வழி கேட்டு வருகிறவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது கடைப் பெயர்கள். பட்டு எங்கே மலிவு, எந்தச் சமையல் மாஸ்டர் இலைக்கு இருபது ரூபாய் குறைத்துப் பேசுவார், பத்திரிகையைத் திருச்சியிலேயே அடிக்கலாமா, சிவகாசிக்குப் போய்விடலாமா. அண்ணன் மகள் கல்யாணத்தில் கணக்கு நோட்டு என் கையில் இருந்ததால், சொந்தத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் இந்தக் கேள்விகள் எனக்கு வந்துவிடுகின்றன. கடைப் பெயர் சொல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடையை மாற்றினால் மிச்சமாவது ஆயிரங்கள்தான். லட்சங்கள் போவது வேறு இடத்தில். எதை முதலில் முடிவு செய்கிறோம், எதை அப்புறம் முடிவு செய்கிறோம் என்ற வரிசையில் போகிறது.

நம் வீடுகளின் வழக்கமான வரிசை இது. சம்பந்தம் உறுதியானதும் ஜோசியரிடம் தேதி. தேதி கிடைத்ததும் மண்டபத்துக்கு ஓட்டம். அன்றைக்கு எந்த மண்டபம் காலியாக இருக்கிறதோ அதற்கு அட்வான்ஸ். அதில் 800 பேர் உட்காரலாம் என்று தெரிந்ததும், "இவ்ளோ பெரிய மண்டபம் புடிச்சிட்டு கூட்டமே இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்று 800 பேருக்குப் பட்டியல். பட்டியலுக்குத் தகுந்த சாப்பாடு. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, கையில் இருப்பதைக் கழித்து, மீதிக்குக் கடன்.

இதைத் தலைகீழாகப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்லும் ஒரே யோசனை. தொகை, பட்டியல், தேதி, மண்டபம். இந்த நான்கும் இந்த வரிசையில் முடிந்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை வேலை.

தொகை

கல்யாணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று யாரையும் கேட்காதீர்கள். எவ்வளவு வைத்திருந்தாலும் அவ்வளவும் ஆகும். நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. அண்ணன், அண்ணி, நான் மூவரும் உட்கார்ந்து நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதினோம். இப்போது கையில் இருப்பது. கல்யாணத்துக்குள் சேரக்கூடியது. எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாதது. மூன்றாவது வரியில் அண்ணனின் ஓய்வுக்காலப் பணமும் சின்னவனின் காலேஜ் பீஸும் வந்தன. முதல் இரண்டு வரிகளைக் கூட்டி, அதில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கினோம். மீதி இருந்ததுதான் கல்யாணத்துக்கான தொகை. அதற்குப் பிறகு நடந்த எல்லாப் பேச்சும் அந்த எண்ணுக்குள்தான் நடந்தது.

பெண்ணும் பையனும் சம்பாதிக்கிறவர்கள் என்றால் அவர்களையும் இந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். "அத்தை, போட்டோவுக்கும் டெக்கரேஷனுக்கும் நான் குடுக்கறேன். அப்போ என்ன வேணும்னு நான்தானே சொல்லணும்?" என்று அண்ணன் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. தன் சம்பளம் என்று வந்ததும் டிரோன் காமிராவைப் பட்டியலிலிருந்து எடுத்தவளும் அவளேதான்.

அடுத்தது சம்பந்தி வீடு. பல ஊர்களில் முகூர்த்தச் செலவு பெண் வீட்டுக்கு, வரவேற்புச் செலவு மாப்பிள்ளை வீட்டுக்கு என்ற ஏற்பாடு இருக்கிறது. இதைவிட எல்லாவற்றையும் சேர்த்துப் பாதிப் பாதி என்பது நல்லது. காரணம் நியாயம் மட்டும் இல்லை. இலைக்குக் காசு கொடுக்காதவர்கள் பட்டியலைக் குறைக்க மாட்டார்கள். பாதிச் செலவு தங்களுடையது என்றதும், "எங்க பக்கம் 400 பேர்" என்று ஆரம்பித்த சம்பந்தி அம்மாவே இரண்டாம் சந்திப்பில் 250க்கு வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இத்தனை பவுன், இன்ன வண்டி என்று கேட்டால் அதை எப்படிக் குறைப்பது என்று யோசிக்காதீர்கள். வரதட்சணை 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அதற்குச் சிக்கன வழி எதுவும் கிடையாது. கேட்காமல் அன்பாகக் கொடுக்கும் பொருள்களுக்குக்கூட, யார் என்ன கொடுத்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்லி 1985இல் விதி வந்திருக்கிறது. கணக்கு நோட்டில் அதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

பட்டியல்

கல்யாணத்தில் கிட்டத்தட்ட எல்லாமே தலைக்கணக்கு. இலை, நாற்காலி, தண்ணீர் பாட்டில், தாம்பூலப் பை, பத்திரிகை, மண்டபத்தின் அளவு, வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் ஏறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும், இது உதாரணத்துக்குத்தான். முதல் நாள் ராத்திரி விருந்து 350 ரூபாய், காலை டிபன் 150, முகூர்த்தச் சாப்பாடு 300, தாம்பூலப் பை 60. ஒரு தலைக்கு 860. நாலு பேர் உள்ள குடும்பம் இரண்டு நாளும் வந்தால் 3,440. அப்படி 50 குடும்பங்களை "கூப்பிடலன்னா தப்பா நினைப்பாங்க" என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்தால் 1,72,000 ரூபாய். இதை இலைக்கு இருபது ரூபாய் பேரம் பேசி ஈடுகட்ட, 8,600 இலை போட வேண்டியிருக்கும்.

2020 மே மாதம் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் சொன்னது நினைவிருக்கிறதா? அப்போதும் கல்யாணங்கள் நடந்தன. அந்தத் தம்பதிகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அந்த 50 பேரை எழுதிய வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். யாரை எழுதுவது என்பதில் அவர்களுக்குப் பெரிய குழப்பம் இருந்திருக்காது. குழப்பமெல்லாம் 200க்கு மேல்தான் வரும்.

பட்டியலை எப்படிப் போட்டோம் என்று சொல்கிறேன். முதல் பக்கத்தில் பெண்ணையோ பையனையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். இரண்டாவது பக்கத்தில் அண்ணன், அண்ணியின் நெருங்கிய சொந்தமும் சிநேகிதமும். மூன்றாவது பக்கத்தில், அவர்கள் வீட்டுக்கு நாம் போய் மொய் எழுதியதால் திருப்பிக் கூப்பிட வேண்டியவர்கள். நான்காவது பக்கம் தெரு, அலுவலகம், வாட்ஸாப் குரூப். முதல் மூன்று பக்கங்களில் கை வைக்கவில்லை. நான்காவது பக்கத்துக்கு மண்டபமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அண்ணன் ஆபீஸில் ஒரு நாள் சாயங்காலம் இனிப்பு, காரம், காபி. தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்வீட் பாக்ஸ், பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் போய் நமஸ்காரம். வருத்தப்பட்டவர் உண்டா? ஒருவர் இருந்தார், அவருக்கு அது வழக்கம்.

பெரியவர்களிடம் இதைப் பேசுவதில் ஒரு பக்குவம் வேண்டும். "இவங்களை எதுக்குக் கூப்பிடணும்?" என்று கேட்டால் சண்டைதான். "பெரியப்பா, நீங்க உங்க பக்கம் 40 பேர் எழுதுங்க. யாருன்னு நாங்க கேக்க மாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். யாரை விடுவது என்ற பாரத்தை அவரே சுமந்துகொள்வார். அதிகாரமும் அவர் கையிலேயே இருக்கும்.

பத்திரிகை பற்றி ஒரு வரி போதும். வாட்ஸாப்பில் அனுப்பினாலும், வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அச்சடித்தது வேண்டும். அது எத்தனை குடும்பமோ அத்தனை பிரதி, மேலே கொஞ்சம். வெல்வெட் பெட்டியும் உள்ளே முந்திரியும் வைத்த பத்திரிகையை எந்த வீட்டிலும் எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

தேதி

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே மொய்க்கும். ஆடி முடிந்து வரும் ஆவணியிலும் மார்கழி முடிந்து வரும் தையிலும் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரக்காரர், ஐயர், மேக்கப் போடுகிறவர், வேன் டிரைவர் யாரும் விலை குறைக்கத் தேவையில்லை. நம்மை விட்டால் வாசலில் இன்னொரு ஆள் நிற்கிறார்.

அதனால் ஜோசியரிடம் ஒரே தேதி கேட்காதீர்கள். "இந்த நாலு மாசத்துல வார நாள் முகூர்த்தம், தேய்பிறையும் பரவாயில்ல, ஒரு ஆறேழு தேதி எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். தேய்பிறையில் வரும் முகூர்த்தங்களும் பஞ்சாங்கத்தில் போட்டிருப்பவைதான். வேண்டாம் என்று சொல்வது பெரும்பாலும் வழக்கம்தானே தவிர விதி இல்லை. அந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் பேச்சின் தொனியே மாறிவிடும். எங்கள் வீட்டுக் கல்யாணம் புதன்கிழமை நடந்தது. லீவு போட்டு வர முடிந்தவர்கள் வந்தார்கள். அதுவே பட்டியலை இன்னும் கொஞ்சம் இளைக்க வைத்தது.

பூவுக்கும் தேதிதான் விலை வைக்கிறது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறையும். அதே நேரம் தை முகூர்த்தங்கள் வரிசையாக வரும். விலை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் காலத்தில் அதே பூ கொட்டிக் கிடக்கும். தையில்தான் கல்யாணம் என்றால் மல்லிகையைத் தலைக்கும் மாலைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மேடைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை என்று போய்விடலாம். ஸ்ரீரங்கம் பூச்சந்தையில் விடிவதற்குள் ஒரு நடை போனால் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். வாழையிலையும் முகூர்த்த நாளில் கட்டுக்கு விலை ஏறும். காவிரிக்கரை வாழைத் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் மொய்க்குப் பதில் இலை கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்.

மண்டபம்

மண்டபத்துக்காரர் முதலில் சொல்லும் வாடகையை நோட்டில் எழுதாதீர்கள். மின்சாரம் மீட்டர் ரீடிங்படி தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவு தனி, காஸ், பாத்திரம், தண்ணீர் லாரி, குப்பை எடுக்க, வாட்ச்மேனுக்கு, அறைகளுக்கு ஏசி போட்டால் அதற்கு, இதற்கெல்லாம் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். மண்டபம் எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும், எத்தனை மணிக்கு விட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மதியம் 3 மணியைத் தாண்டினால் இன்னொரு அரை நாள் வாடகை போடுகிற இடங்கள் உண்டு. உள்ளே போகும்போது மின்சார மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தில் சமையலும் அலங்காரமும் அவர்கள் ஆளைத்தான் வைக்க வேண்டும் என்றார்கள். வெளியாளைக் கூட்டி வந்தால் அதற்கொரு கட்டணம். வாடகை குறைவாகச் சொல்லி, இழந்ததை இங்கே பிடித்துவிடும் ஏற்பாடு இது. இரண்டையும் சேர்த்துக் கூட்டிய பிறகுதான் எந்த மண்டபம் மலிவு என்பது தெரியும்.

மண்டபமே எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, பக்கத்தில் சின்ன ஹாலில் சாப்பாடு. எங்கள் திருச்சிப் பக்கத்தில் வயலூர் முருகன் கோயிலிலும், சென்னையில் வடபழநி முருகன் கோயிலிலும் முகூர்த்த நாளில் அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, இது முதல் திருமணம்தான் என்பதற்கான சான்று என்று கோயில் அலுவலகத்தில் கேட்பார்கள். முன்னாடியே போய் விசாரித்துவிடுங்கள்.

சடங்கே வேண்டாம் என்பவர்களுக்குச் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த கல்யாணத்தை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். அந்த இயக்கம் புரோகிதத்தோடு சேர்த்து வீண் செலவையும்தான் எதிர்த்தது. இன்றைக்கு அதே பெயரில் எல்.ஈ.டி. மேடை போட்டு இரண்டாயிரம் பேருக்குப் பிரியாணி போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை. இரு வேறு மதத்தவர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும்.

எப்படி நடந்தாலும், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டுக்கு வேண்டும் என்று ஒரு வருஷம் கழித்து அலைகிறபோதுதான் காசும் நேரமும் கரையும்.

சமையல்

இரண்டு முறை உண்டு. மாஸ்டர் லிஸ்ட் கொடுப்பார், மளிகையும் காய்கறியும் நாம் வாங்கித் தர, அவர் ஆள் வைத்துச் சமைத்துக் கூலி வாங்கிக்கொள்வார். அல்லது இலைக்கு இவ்வளவு என்று மொத்தக் காண்டிராக்ட். வீட்டில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் நின்று வாங்கவும், சரக்கறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நாள் காவல் இருக்கவும் ஆள் இருந்தால் முதல் முறை லாபம். அப்படி ஒரு சித்தப்பா இல்லாத வீடுகள் காண்டிராக்டுக்குப் போவது நல்லது.

காண்டிராக்டில் முக்கியமான வார்த்தை குறைந்தபட்ச இலை. 500 என்று சொல்லிவிட்டு 380 பேர் சாப்பிட்டாலும் 500க்குக் காசு. அதனால் வருவார்கள் என்று நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக உறுதி சொல்லி, கூடினால் பத்து சதவீதம் வரை அதே விலையில் போட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பந்தி தொடங்கும் முன் இலைக்கட்டுகளை எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் மீந்ததை எண்ணிக் கழிக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலையைக் காலேஜ் படிக்கும் சின்னவனிடம் கொடுத்தோம். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பந்திக்குப் பந்தி எழுதி வைத்திருந்தான்.

பதார்த்தங்களின் எண்ணிக்கை பற்றி ஊருக்குள் ஒரு போட்டியே நடக்கிறது. இலையில் 27 வகை. சாப்பிடுகிறவர் தொடுவது பத்து. ராத்திரி இட்லி, தோசை, சப்பாத்தி, பரோட்டா, நூடுல்ஸ், பஞ்சு மிட்டாய் என்று போட்டால் எதுவும் சூடாக வராது. எங்கள் மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, பத்து அயிட்டம் குடுங்க, பத்தையும் பேச வைக்கிறேன். முப்பது கேட்டீங்கன்னா எண்ணி வச்சிட்டுப் போயிடுவேன்." ராத்திரிக்கு இரண்டு டிபன், ஒரு சாதம், ஒரு இனிப்பு. முகூர்த்தத்துக்கு முழு இலைச் சாப்பாடு, இரண்டு பாயசத்துக்குப் பதில் ஒன்று, அதுவும் அடிப்பிடிக்காத பால் பாயசம். நெய்யை மட்டும் குறைக்கவில்லை.

மீந்த சாப்பாட்டுக்கு முன்னாடியே ஏற்பாடு செய்துவிடுங்கள். கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போல, மீதமான உணவை வாங்கிப்போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கும் அமைப்புகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. நாலு மணிக்கு அழைத்தால் யாராலும் வர முடியாது. முதல் நாளே சொல்லி வையுங்கள்.

நகை

தங்கத்தின் விலையைக் குறைக்க நம்மால் முடியாது. செய்கூலி, சேதாரத்தைக் குறைக்க முடியும். அது சதவீதக் கணக்கு என்பதால் பவுன் விலை ஏற ஏற அதுவும் ஏறும். ஒரு டிசைனில் 18 சதவீதம், இன்னொரு டிசைனில் 8 சதவீதம் என்றால், 20 பவுனுக்கு வித்தியாசம் முழுசாக 2 பவுன் காசு. இதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. கூலி ஏறினால் வரியும் கூடவே ஏறும். ஆன்ட்டிக், நகாசு வேலை, கல் பதித்தவை இவற்றுக்குச் சேதாரம் அதிகம். கல்லின் எடையைத் தங்கத்தின் எடையில் சேர்க்காமல் பில்லில் தனியாகப் போடச் சொல்லுங்கள். பெரிய கடை வீதியில் ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போக வெட்கப்படாதீர்கள். அங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து, எண் கொண்ட எச்.யு.ஐ.டி. முத்திரை இல்லாத புது நகையைக் கடையில் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் தரமும் விவரமும் தெரியும். கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள்.

11 மாத நகைச் சீட்டு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வங்கி வைப்பு இல்லை. வங்கியில் போட்டால் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, கடையில் போட்ட சீட்டுக்கு அது கிடையாது. சேதாரச் சலுகை நல்லதாக இருக்கலாம். ஆனால் மொத்த நகைப் பணத்தையும் ஒரே கடைச் சீட்டில் வைக்காதீர்கள்.

மேடையில் நிறைய நகை தெரிய வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்கு வாடகை நகை இருக்கிறது. வடசேரிக் கோயில் நகை பாணியில் ஒட்டியாணம், வங்கி, ராக்கொடி, ஜடை பில்லை எல்லாம் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். தாலி, ஒரு செயின், ஒரு ஜோடி வளையல், ஜிமிக்கி அசல் தங்கம், மற்றது வாடகை. போட்டோவில் யாரும் உரசிப் பார்க்கப் போவதில்லை.

இன்னொரு தகவல். தாலிக்குத் தங்கம் என்று எல்லாரும் சொல்லும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் உயர்கல்வி உதவியாக மாறி, புதுமைப் பெண் திட்டம் ஆகிவிட்டது. விதவைத் தாயின் மகள், ஆதரவற்ற பெண், விதவை மறுமணம், கலப்புத் திருமணம் இவர்களுக்கான திருமண உதவித் திட்டங்கள் வேறு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். சிலவற்றுக்குக் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

துணி, மேக்கப், போட்டோ

முகூர்த்தப் புடவை ஒன்று அசல் காஞ்சிப் பட்டாக இருக்கட்டும். சில்க் மார்க் பார்த்து, கோ-ஆப்டெக்ஸிலோ காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கலாம். அதன் விலையில் பெரிய பங்கு ஜரிகை. ஜரிகை குறைந்த, கனம் குறைந்த புடவையைப் பெண் மறுபடி கட்டுவாள். கனமானது பீரோவில் படுத்துக் கிடக்கும். வரவேற்புக்கு ஆரணிப் பட்டோ, இளம்பிள்ளைப் புடவையோ போதும். இப்போது புடவையைவிட ஆரி ஒர்க் ரவிக்கை அதிகம் கேட்கிறது. இரண்டு மூன்று புடவைகளுக்குப் பொருந்தும் நிறத்தில் ஒரே ஒரு ரவிக்கைக்கு மட்டும் அந்த வேலை செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

போட்டோவுக்கு ஒரு நல்ல ஆள், ஒரு வீடியோ ஆள். ஆல்பம் எத்தனை பக்கம், கூடுதல் பக்கத்துக்கு எவ்வளவு, எடுத்த படங்கள் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் கிடைக்குமா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். செலவு ஏறுவது இந்தக் கூடுதல் பக்கங்களில்தான். மேடை அலங்காரத்தை ராத்திரிக்கு ஒன்று, காலைக்கு ஒன்று என்று மாற்றாதீர்கள். பின்னால் இருக்கும் திரையை மட்டும் மாற்றினால் போதும்.

குறைக்கக் கூடாதவை

பாத்திரம் துலக்குகிற அம்மாக்கள், பரிமாறுகிற பையன்கள், இலை எடுக்கிறவர்கள், ராத்திரி முழுக்க வேன் ஓட்டுகிற டிரைவர். காண்டிராக்டருக்குக் கொடுத்துவிட்டோமே என்று இவர்களை மறந்துவிடுகிறோம். அவர்கள் கைக்கு நேராகப் போக ஒரு தொகையை முதலிலேயே கவரில் போட்டு வைத்தோம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் சொன்னோம். நாதஸ்வரம், தவில் கலைஞர்களிடமும் பேரம் வேண்டாம். டி.ஜே.வை ரத்து செய்து அந்தக் காசில் நல்ல மேளம் வைத்தோம். கெட்டிமேளம் கேட்டபோது எதிர்வீட்டு மாடியிலிருந்தும் பூ தூவினார்கள்.

மொய்

மொய்யை வரவில் எழுதாதீர்கள். பேராவூரணி, ஆலங்குடி பக்கம் ஆடி மாதம் மொய்விருந்து நடத்துகிறவர்களைக் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள், மொய் என்பது திருப்பிக் கட்ட வேண்டிய வட்டியில்லாக் கடன். அதை நம்பி மண்டபப் பாக்கி வைக்கிறவர்கள், கல்யாணத்தன்று சாயங்காலம் மணமக்களை வழியனுப்புவதற்குப் பதில் கவர் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். வந்த பணத்தை அப்படியே வங்கியில் போட்டு, அவரவர் வீட்டு விசேஷத்துக்கு அதிலிருந்தே எடுத்துச் செய்யலாம்.

அப்புறம் முதல் வருஷம்

கையில் காசு இருந்து, ஆயிரம் பேருக்குச் சோறு போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவரைத் தடுக்க இதை எழுதவில்லை. சாப்பாடு போடுவது நல்ல ஆசை. கடன் வாங்கிப் போடுகிறவர்களிடம்தான் பேசுகிறேன். அவர்கள் கல்யாணத்தைக் கடைசிச் செலவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தனிநபர் கடனின் மூன்றாவது தவணை கட்டும்போது தாலி பிரித்துக் கோர்ப்பது வரும். அப்புறம் தலை ஆடி, மாப்பிள்ளைக்கு விருந்து, துணி. தலை தீபாவளிக்கு மோதிரமா வாட்சா என்ற பேச்சு. தலைப் பொங்கலுக்குச் சீர். இதற்குள் நல்ல சேதி வந்தால் வளைகாப்பு, அதற்கும் மண்டபம் பிடிக்கிற காலம் இது. அதனால் முதல் பக்கத்தில் எழுதும் தொகையில் ஒரு பங்கை, கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு என்று தனியாக வைத்துவிடுங்கள். நோட்டு வாங்கும்போது 40 பக்கம் வேண்டாம், 200 பக்க நோட்டாகவே வாங்குங்கள்.